மறு கூண்டேற்றம்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குச் சட்டச் சொல் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்றார்கள். எந்தச் சொல் என்று நான் தேடவேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

அப்போது நான் ஜூனியர். தஞ்சைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாய்க்கால் தகராறு, அடிதடி, ஒருவருக்குக் கை முறிவு. எங்கள் கட்சிக்காரர் அந்த வழக்கில் இரண்டாம் எதிரி. நாலரை ஆண்டு வாய்தாவுக்கு வாய்தா நடந்து விடுதலை ஆனார். அடிபட்டவர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டார்கள். ஏற்றிருக்க வேண்டிய சாட்சியத்தைக் கீழ் நீதிமன்றம் வாங்காமலே விட்டுவிட்டது என்று சொல்லி உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. சம்மன் கிடைத்த மறுநாள் காலை பெரியவர் வந்துவிட்டார். மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து ஓரமாக வைத்தார். அதற்கு அடியில் பாலிதீன் உறைக்குள் நாலாக மடித்த தீர்ப்பு நகல். மடிப்பு விழுந்த இடமெல்லாம் தாள் நைந்துபோயிருந்தது.

"விடுதலைன்னு அய்யா வாயால சொன்னாரே தம்பி. நகலு இந்தா இருக்கு. பொறவு எதுக்கு இந்தச் சம்மன்?"

"மறுவிசாரணை போட்டிருக்காங்க அய்யா."

"அப்பப் போலீசு மறுபடி ஊருக்குள்ள வருமா?"

அந்தக் கேள்வியில் இருந்த பயத்தை நான் உடனே புரிந்துகொள்ளவில்லை. 'விசாரணை' என்றால் அவருக்கு ஜீப்பும் காவல் நிலையத் திண்ணையும்தான். எனக்கு அது நீதிமன்றத்தில் சாட்சிகளை முதலிலிருந்து கேட்பது. இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பேசினோம், வேறு வேறு பொருளில். தவறு அவருடையது அல்ல. காவல்துறை துப்புத் துலக்குவதும் விசாரணை; அதிகாரி ஒருவர் கேள்வி கேட்பதும் விசாரணை; நீதிபதி முன் நடக்கும் வழக்கும் விசாரணை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே குற்ற விசாரணை முறைச் சட்டம் என்றும் எழுதுகிறோம். வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' படம் காவல் நிலையத்துக்குள் நடக்கிறது. காஃப்காவின் நாவல் தமிழில் வந்தபோது அதற்கும் 'விசாரணை' என்றே பெயர்; அங்கே இருப்பதோ நீதிமன்றம். ஒரே தலைப்பு இரண்டு நரகங்களுக்கும் பொருந்திப்போகிறது என்றால், நம் சட்டமொழி எங்கோ பிரிக்க மறந்திருக்கிறது.

இலங்கைத் தமிழர்கள் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அங்கே போலீசார் செய்வது விசாரணை. வழக்கு நீதிமன்றத்தில் நடப்பது விளக்கம். 'வழக்கு விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று பத்திரிகைகளில் வரும். நாம் ரிமாண்ட் என்பது அவர்களுக்கு விளக்கமறியல். நம் பக்கத்தில் 'புலனாய்வு' என்ற சொல் பழக்கத்துக்கு வந்த பிறகு பாதிக் குழப்பம் தீர்ந்தது. மீதிப் பாதி அப்படியே கிடக்கிறது.

ஒரு வழக்கு இரண்டாம் முறை நடப்பதற்குள்ளும் பல வகை உண்டு. புலனாய்வை மறுபடி செய்யச் சொல்வது ஒன்று. சாட்சிகளை முதலிலிருந்து கூண்டேற்றும் மறுவிசாரணை ஒன்று. பழைய சாட்சியங்களை அப்படியே வைத்துக்கொண்டு மேல்முறையீட்டை மட்டும் மீண்டும் கேட்பது இன்னொன்று. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் தண்டிக்கப்பட்டதும், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலை ஆனதும் நம் வீடுகளில் இன்றும் பேசப்படும் கதை. 'மறுவிசாரணையில் விடுதலை' என்று அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே நடந்தது மறுவிசாரணை அல்ல. பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டைத் திரும்பக் கேட்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஏற்கெனவே பதிவான சாட்சியத்தைப் புதிய நீதிபதிகள் படித்து விடுதலை செய்தார்கள். சாட்சி யாரும் மறுபடி கூண்டேறவில்லை.

இனி இன்றைய சொல்லுக்கு வருகிறேன். ஒரே குற்றத்துக்காக ஒருவரை இரண்டாம் முறை வழக்கில் நிறுத்தக் கூடாது என்ற விதியை ஆங்கிலத்தில் 'டபுள் ஜெப்பர்டி' என்கிறார்கள். நம் செய்தித்தாள்களில் இது 'இரட்டைத் தண்டனை' என்று வருகிறது. பாடநூல்களிலும் அப்படித்தான். 'இரட்டை இடர்' என்று எழுதுவோரும் உண்டு, குறைவு. இரட்டைத் தண்டனை என்ற மொழிபெயர்ப்பு பிழையானது மட்டுமல்ல, கெடுதலும் செய்கிறது என்பது என் வாதம்.

ஜெப்பர்டி என்ற சொல்லின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு. 'ழூ பார்த்தி', சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் ஆட்டம் என்று பொருள். எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நிலை. அதிலிருந்துதான் ஆபத்து என்ற பொருள் பிறந்தது. அந்தச் சொல்லுக்குள் தண்டனை இல்லை. காய் உருண்டுகொண்டிருக்கிறது, இன்னும் விழவில்லை. அந்த நேரத்து நெஞ்சுத் துடிப்புதான் அதன் பொருள். ஒருவரை அந்த நிலையில் ஒருமுறை நிறுத்தலாம், மறுமுறை கூடாது என்பதே கொள்கை. தண்டனை கிடைத்ததா, விடுதலை கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி.

'இரட்டைத் தண்டனை' என்று எழுதியவுடன் விடுதலையானவர் அந்தக் கொள்கையிலிருந்து வெளியேறிவிடுகிறார். அவருக்கு முதல் தண்டனையே இல்லையே, இரண்டாவது எங்கிருந்து வரும்?

இதில் நம் அரசியல் சாசனத்துக்கும் பங்கு உண்டு. 20ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, ஒரே குற்றத்துக்கு எவரும் ஒருமுறைக்கு மேல் 'வழக்குத் தொடரப்பட்டுத் தண்டிக்கப்படலாகாது' என்கிறது. விவாதத்துக்கு வந்த வரைவில் வழக்கைப் பற்றிய பேச்சே இல்லை. ஒருமுறைக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்று மட்டும் இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வழக்குத் தொடர்வதைக் குறிக்கும் சொற்களைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் சென்னை மாகாண உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. துறை நடவடிக்கையில் தண்டனை பெற்ற அரசு ஊழியர், எனக்குத்தான் ஏற்கெனவே தண்டனை ஆகிவிட்டதே என்று சொல்லிக் குற்ற வழக்கிலிருந்து தப்பிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. நியாயமான கவலைதான். ஆனால் வழக்கு, தண்டனை இரண்டும் சேர்ந்தே நடந்திருந்தால்தான் பாதுகாப்பு என்று ஆனபோது, விடுதலையானவருக்கு அந்த உறுப்பில் இடமில்லாமல் போயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் தொடக்க காலத் தீர்ப்புகள் இரண்டு இதைக் காட்டுகின்றன. 1949 நவம்பரில் ஜெத்தாவிலிருந்து பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் இறங்கிய மக்பூல் ஹுசைன் என்பவரிடம் 107.2 தோலா தங்கம் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சுங்க அதிகாரிகள் தங்கத்தைப் பறிமுதல் செய்தார்கள். பதிலுக்கு 12,000 ரூபாய் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர்மேல் வழக்கும் போட்டார்கள். இது இரண்டாவது தண்டனை என்றார் அவர். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, பறிமுதல் வழக்கு விசாரணை ஆகாது என்று 1953இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு, அரசுச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட எஸ்.ஏ. வெங்கடராமன் வழக்கில் துறை விசாரணைக்கும் அதே பதில். டி.டி.கே. விரும்பியது அப்படியே நிறைவேறியது.

விடுதலையானவருக்கு என்னதான் பாதுகாப்பு? அது சாசனத்தில் இல்லை, நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 403ஆம் பிரிவு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 300ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை. தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரை விசாரித்துத் தண்டித்தாலும் சரி, விடுதலை செய்தாலும் சரி, அந்தத் தீர்ப்பு நடப்பில் உள்ளவரை அதே குற்றத்துக்கு அவரை மறுபடி விசாரிக்கக் கூடாது. பாருங்கள், இங்கே தடுக்கப்படுவது தண்டனை அல்ல, விசாரணை. சட்டம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதற்கு நாம் வைத்த பெயர்தான் தவறு.

'நடப்பில் உள்ளவரை' என்ற தொடரை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். பெரியவரின் வழக்கு விழுந்தது அந்த ஓட்டையில்தான். விடுதலையை மேல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டால் அது நடப்பில் இல்லை. எனவே மறுவிசாரணை சட்டப்படி இரண்டாம் விசாரணையே ஆகாது, முதல் விசாரணையின் தொடர்ச்சி. ஏட்டில் இது சரி. எழுபது வயதுக்காரர் அதிகாலை ஐந்தரை பஸ் பிடித்து மறுபடி வந்து நிற்கும்போது அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

'விடுதலை' என்ற சொல்லும் இதே போலத்தான். ஜாமீனில் வெளியே வருவதும் விடுதலை, தண்டனைக் காலம் முடிந்து வருவதும் விடுதலை என்று எழுதுகிறோம். குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே வழக்கிலிருந்து ஒருவரை அனுப்பிவிடுவதை விடுவிப்பு என்கிறோம். அந்த 337ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பின்படி விடுவிப்பு விடுதலைக்குச் சமம் அல்ல, அவரை மறுபடி அழைக்கலாம். விடுவிப்புக்கும் விடுதலைக்கும் இடையில் சில எழுத்துதான் வேறுபாடு. அந்தச் சில எழுத்தில் ஒருவருடைய மிச்ச வாழ்க்கை இருக்கிறது.

விடுதலை என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் தரவேண்டும் என்பதை ஒரு தமிழ்ப் பெயர் தாங்கிய வழக்கு உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தது. சாம்பசிவம் எதிர் மலாயா கூட்டரசின் அரசு வழக்குரைஞர். பிரிவி கவுன்சில், 1950. மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டு ஜொகூரில் சாம்பசிவம் பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்று ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்தார் என்று இன்னொன்று. அவசரகால விதிகளின்படி துப்பாக்கிக்குத் தண்டனை மரணம். நீதிபதிக்குத் துணையாக அசெசர்கள் இருவர் உட்கார்ந்தார்கள். இரண்டு குற்றமும் மெய்ப்படவில்லை என்றார்கள். தோட்டாவைப் பொறுத்தவரை நீதிபதி அதை ஏற்று விடுதலை செய்தார். துப்பாக்கி விஷயத்தில் ஏற்கவில்லை. புதிய அசெசர்களோடு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்.

மறுவிசாரணையில் அரசுத் தரப்பு ஒரு வாக்குமூலத்தை எடுத்து நீட்டியது. துப்பாக்கியும் என்னிடம் இருந்தது, தோட்டாவும் இருந்தது என்று சாம்பசிவம் சொன்னதாக எழுதப்பட்ட தாள். தோட்டா இல்லை என்று ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்துவிட்டது. அதை இந்தப் புதிய அசெசர்களிடம் யாரும் சொல்லவில்லை. வாக்குமூலத்தை முழுதாக நம்பினார்கள். தூக்கு.

ஒரு நிமிடம் அந்தத் தாளை நினைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இரண்டு செய்திகள். ஒன்று உண்மை அல்ல என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதைத் தெரிவித்திருந்தால், பாதி பொய்யான தாளின் மறுபாதியை நம்பலாமா என்று அந்த இருவரும் ஒருமுறையாவது யோசித்திருப்பார்கள். லார்ட் மக்டர்மாட் எழுதிய தீர்ப்பு இந்த இடத்தைத்தான் பிடித்தது. விடுதலை என்றால் அந்தக் குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பதோடு அதன் பலன் முடிந்துவிடாது. அதே இரு தரப்புக்கும் இடையில் பின்னால் வரும் எல்லா நடவடிக்கையிலும் அந்த முடிவு அரசைக் கட்டும் என்றார். தண்டனை ரத்தாயிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் 1956இல் பிரீதம் சிங் வழக்கில் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆயுதச் சட்ட வழக்கில் ரிவால்வர் அவரிடம் இருந்ததாக மெய்ப்படவில்லை என்று விடுதலையான பிறகு, கொலை வழக்கில் அதே ரிவால்வரை அவரிடமிருந்து எடுத்ததாகச் சாட்சியம் வைக்க முடியாது என்றது. இன்றும் நம் வழக்கறிஞர்கள் சாம்பசிவம் வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தத் தூக்குக்கயிற்றின் நிழலில் நின்றவரைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே சொன்னேன்.

டபுள் ஜெப்பர்டி விதி இருந்தும் ஒருவரை எத்தனை முறை வேண்டுமானாலும் கூண்டேற்ற முடியும் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் சாட்சி. வினோனா என்ற சிற்றூரில் 1996இல் ஒரு மரச்சாமான் கடையில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்காக அந்தக் கறுப்பின மனிதரை ஒரே அரசு வழக்கறிஞர் 1997க்கும் 2010க்கும் இடையில் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். மூன்று முறை தண்டனை மேல்முறையீட்டில் உடைந்தது. இரண்டு முறை ஜூரிகள் ஒருமனப்படவில்லை. ஆறாவது தண்டனையை 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; ஆறு விசாரணைகளிலும் சேர்த்து ஜூரிக்கு வந்த கறுப்பினத்தவர் 42 பேரில் 41 பேரை அரசுத் தரப்பு ஒதுக்கியதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 2020இல் வழக்கு கைவிடப்பட்டது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தம் ஒருவரை இருமுறை ஆபத்தில் நிறுத்தாதே என்கிறது. ஆனால் தண்டனை பெற்றவரே மேல்முறையீடு செய்து ஜெயித்தால் மறுபடி விசாரிக்கலாம். ஜூரி பிளவுபட்டாலும் விசாரிக்கலாம் என்று 1824லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆறிலும் அவர் ஒருமுறைகூட விடுதலை ஆகவில்லை, தண்டனையும் நிலைக்கவில்லை. ஏறக்குறைய 23 ஆண்டுகள் சிறையில் போயின.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் பேசுவது வக்கீல் வாதம் ஆகிவிடும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் பில்லிங்ஹாம் என்ற ஊரில் 1989இல் ஜூலி ஹாக் என்ற இளம்பெண் காணாமல் போனார். காவல்துறை வீட்டைச் சோதித்துவிட்டுப் போய்விட்டது. சில மாதங்கள் கழித்து அந்த வீட்டின் குளியல் தொட்டியின் பக்கப் பலகைக்குப் பின்னால் மகளின் உடலைக் கண்டெடுத்தவர் அவருடைய தாய் ஆன் மிங். குற்றம் சாட்டப்பட்டவரை இரண்டு முறை விசாரித்தும் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. 1991இல் விடுதலை ஆனார். பிறகு அவரே, நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டார். பொய்ச் சத்தியம் செய்ததற்கு மட்டும்தான் தண்டிக்க முடிந்தது. கொலைக்கு முடியவில்லை, பழைய விதி குறுக்கே நின்றது. அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் அமைச்சர்களிடமும் நாடாளுமன்றத்திலும் வாதாடினார். 1993இல் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸ் வழக்கை ஆராய்ந்த மக்ஃபர்சன் அறிக்கையும் விதியைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கச் சொல்லியிருந்தது. அப்படித் தளர்த்தும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2005 முதல் நடப்பு. 2006இல் அந்த மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

அந்தத் தாயின் முன்னால் நின்று கொள்கை பேச எனக்கு மனம் வராது. அந்தச் சட்டம் சரி என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அது கதவை அகலத் திறக்கவில்லை. கொடிய குற்றமாக இருக்கவேண்டும், புதிதான வலுவான சாட்சியம் வேண்டும், தலைமை அரசு வழக்குத் தொடுநரின் இசைவு வேண்டும், மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய விடுதலையை ரத்து செய்யவேண்டும். இத்தனை பூட்டு இருக்கிறது. மறுபடி கூண்டேற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தச் சட்டம் உணர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு ஈடாகச் சொல்லவேண்டியது பெஸ்ட் பேக்கரி வழக்கு. குஜராத் கலவரத்தின்போது 2002 மார்ச் 1 அன்று வடோதராவில் அந்தப் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். 2003 ஜூனில் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலை. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் துரைசாமி ராஜுவும் அரிஜித் பசாயத்தும் அமர்ந்து, அந்த விடுதலையை ரத்து செய்து மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்தச் சொன்னார்கள். 2006இல் மும்பை நீதிமன்றம் ஒன்பது பேரைத் தண்டித்தது. அவர்களில் ஐவரை 2012இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சாட்சிகள் அஞ்சி நடுங்கும் இடத்தில், அரசு வழக்கறிஞரே அக்கறையில்லாமல் நிற்கும் இடத்தில், காய் உருளவே இல்லை. அங்கே யாரும் ஆபத்தில் நிற்கவில்லை. நடக்காத விசாரணையை முதன்முறையாக நடத்துவது மறு கூண்டேற்றம் ஆகாது என்று இந்தத் தீர்ப்பை நான் படிக்கிறேன்.

'மறு கூண்டேற்றம்' என்று சொல்லிவிட்டேன். இந்தச் சொல் என்னுடையது அல்ல, அந்தப் பெரியவருடையது. சம்மனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அன்று அவர் சொன்னார்: "தண்டனை கெடக்கட்டும் தம்பி. குடுத்தா அனுபவிச்சுட்டுப் போறேன். இன்னொரு தரம் கூண்டுல ஏத்தாம இருந்தாப் போதும்." பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில் கேஸ் முடியட்டும் என்றார்களாம். டபுள் ஜெப்பர்டி என்ற கோட்பாட்டின் உயிர்நாடி இதுதான். எந்தப் பாடநூலிலும் இதைவிடத் துலக்கமாக நான் படித்ததில்லை. 'இரட்டைத் தண்டனைத் தடை' என்பதை விட்டுவிட்டு 'மறு கூண்டேற்றத் தடை' என்று எழுதலாமே என்று இந்த அவையிடம் கேட்டுக்கொள்கிறேன். சட்டத் தமிழ் அகராதி செய்வோர் இங்கே இருக்கிறீர்கள். வேறு நல்ல சொல் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். தண்டனை என்ற சொல் மட்டும் அதில் வேண்டாம்.

மறுவிசாரணை இன்னும் இரண்டு ஆண்டு நடந்தது. மறுபடியும் விடுதலை. நகல் வாங்கியவுடன் பெரியவர் அதன் பின்பக்கத்தைத் திருப்பி, "இனிமே கூப்பிட மாட்டாங்கன்னு ஒரு வரி தமிழ்ல எழுதிக் குடு தம்பி, ஊர்ல காட்டணும்" என்றார். என்னால் எழுத முடியவில்லை. அரசு மேல்முறையீடு செய்ய 90 நாள் இருந்தது. தாமதமாக வந்தாலும் மன்னித்து ஏற்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. எதிர்த்தரப்பு மறுபடி சீராய்வுக்குப் போகவும் இடம் இருந்தது. தை மாதம் வந்து பாருங்கள் என்றேன். தையில் வந்தார். உயர் நீதிமன்றத்தில் எதுவும் பதிவாகவில்லை என்று விசாரித்து வைத்திருந்தேன். தேதி போட்டு, அவர் கேட்ட வரியை எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, நைந்த பழைய நகலை எடுத்து என் மேசைமேல் வைத்தார். புதியதை மட்டும் உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.